கூட்டைக் கலைக்காமல் இடம் மாற்றுவது எப்படி? தேனீக்கள் பற்றிய வாசகர் கேள்விகளும் பதில்களும்

பழைய வீட்டுச் சுவரொன்றில் இருந்த தேனீக் குடும்பத்தைப் பெட்டிக்கு மாற்றியதைப் பற்றிச் சென்ற இதழில் போகிற போக்கில் இரண்டு வரிகள் எழுதியிருந்தேன். அந்த இரண்டு வரிகளுக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, ஆறு கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில் தருகிறேன்.

*கேள்வி: எங்கள் வீட்டு முகப்பில் இருக்கும் மின் மீட்டர் பெட்டிக்குள் மூன்று மாதங்களாகத் தேனீக்கள் குடியிருக்கின்றன. இடுக்கு வழியாகப் பார்த்தால் நான்கைந்து அடைகள் அடுக்கடுக்காகத் தொங்குவது தெரிகிறது. மின் கணக்கெடுக்க வருபவர் அருகில் செல்லவே அஞ்சுகிறார். மண்ணெண்ணெய் ஊற்றிக் கலைத்துவிடலாம் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. உயிரோடு எடுத்து வேறிடத்தில் வைக்க முடியுமா?*
– வாசகி, தக்கலை

முடியும். முடியும் என்று நான் உடனே சொல்வதற்குக் காரணம், நீங்கள் எழுதியிருக்கும் அந்த "அடுக்கடுக்காக" என்ற சொல்தான். இருட்டான பொந்துக்குள் பல அடைகளை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகக் கட்டி வாழ்வது அடுக்குத் தேனீ என்றும் இந்தியத் தேனீ என்றும் நாம் சொல்லும் இனம். பெட்டியில் வளர்க்கத் தகுந்த நம் நாட்டுத் தேனீ அதுவே. வெட்டவெளியில் பெரிய ஒற்றை அடை கட்டும் மலைத்தேனீயும், செடிகொம்பில் கையகல ஒற்றை அடை கட்டும் கொம்புத் தேனீயும் பெட்டிக்குள் தங்குவதில்லை. எனவே இடம் மாற்றுவதைப் பற்றி யார் கேட்டாலும், அடை ஒன்றா பலவா, வெளியிலா உள்ளேயா என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

மரப்பொந்து கிடைக்காத ஊரில் மீட்டர் பெட்டி இந்தத் தேனீக்கு நல்ல வீடுதான்: மழை நனையாது, உள்ளே இருட்டாக இருக்கும், வாசல் சிறிது, எறும்பு ஏறுவதும் குறைவு. கைவிட்ட ஒலிபெருக்கி, கவிழ்த்து வைத்த பானை, கல்லறையின் உட்குழி, பயன்படாத தண்ணீர்க் குழாய் என்று நான் கூடு எடுத்த இடங்கள் எல்லாமே இந்த இலக்கணத்துக்கு உட்பட்டவைதாம்.

உங்கள் வேலையில் தேனீயைவிட ஆபத்தானது மின்சாரம். மின்வாரிய அலுவலகத்தில் சொல்லி, அவர்களுடைய ஆள் இணைப்பைத் துண்டித்து, அங்கேயே நிற்கும்போது மட்டுமே அந்தப் பெட்டியைத் திறக்க வேண்டும். வீட்டுக்குள் இருக்கும் சுவிட்சை அணைத்துவிட்டால் போதும் என்று எண்ணிவிடாதீர்கள், ஏனெனில் மீட்டருக்கு வரும் கம்பியில் அப்போதும் மின்சாரம் இருக்கும். இதைப் பழகிய தேனீ வளர்ப்பாளர் ஒருவரைக் கொண்டு செய்விப்பதே நல்லது. உங்கள் பகுதியில் அப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமில்லை. திருச்சியில் இருந்த பாதிரியார் நியூட்டன் 1910-களில் இந்தத் தேனீக்கென்றே சிறிய பெட்டியை வடிவமைத்துப் பழக்கிய காலத்திலிருந்தும், மார்த்தாண்டத்தில் தேனீ வளர்ப்புப் பயிற்சி வேரூன்றிய காலத்திலிருந்தும், காட்டுக் கூட்டத்தைப் பிடித்துப் பெட்டியில் ஏற்றுவது குமரி மாவட்டத்தில் கைத்தொழிலாகவே இருந்து வருகிறது.

வருபவர் என்ன செய்கிறார் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும். மேய்ச்சலுக்குப் போன தேனீக்களில் பெரும்பாலானவை திரும்பிவிடும் மாலை நேரத்தில் வேலையைத் தொடங்க வேண்டும். காய்ந்த தேங்காய் மட்டையைக் கனலவிட்டு வாசலில் இரண்டு மூன்று முறை மட்டும் புகை காட்டுவது போதுமானது. இந்தியத் தேனீக்கு அதிகம் புகை காட்டினால், அது அடங்குவதற்குப் பதிலாக அடையைவிட்டு ஓடத் தொடங்கி, இராணி எந்த மூலைக்குப் போனாள் என்றே தெரியாதபடி ஆகிவிடும். பிறகு அடைகளை ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கூரிய கத்தியால் மேற்புறத்தில் அறுத்துக் கையில் ஏந்தி, அதிலிருக்கும் தேனீக்களை மென்மையாகப் பெட்டிக்குள் உதறிவிட்டு, புழுவும் முட்டையும் இருக்கும் பகுதியை மட்டும், பெட்டிக்குள் தொங்கவிடும் மரச்சட்டத்தின் அளவுக்கு வெட்டி, வாழை நாரால் சட்டத்தோடு கட்ட வேண்டும். நியூட்டன் பெட்டியின் சட்டம் ஒரு சாணுக்கு மிகாத அகலம் உடையது என்பதால், மீட்டர் பெட்டியின் அடைகள் பெரும்பாலும் இரண்டு வெட்டில் பொருந்திவிடும். அடையின் மேல்புறம் மேலேயே இருக்க வேண்டும். அறைகள் வாய்ப்புறம் சற்று உயர்ந்து சாய்வாகக் கட்டப்பட்டிருப்பவை, தலைகீழாகக் கட்டினால் உள்ளே இருப்பது வழியும். சில நாட்களில் தேனீக்களே அடையைச் சட்டத்தோடு மெழுகு வைத்து ஒட்டிக்கொண்டு, நாரைக் கடித்துத் துண்டு துண்டாக வாசலுக்கு வெளியே தள்ளிவிடும். அந்த நார்த் துணுக்குகளைக் காலையில் வாசலில் பார்ப்பது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தரும் காட்சி.

தேன் நிறைந்த பகுதியைச் சட்டத்தில் கட்டக் கூடாது. கனம் தாங்காமல் அறுந்து விழும், கசியும் தேன் தேனீக்களையே நனைத்துக் கொல்லும், எறும்பையும் அழைத்து வரும். நான் முதன்முதலாக ஒரு கூட்டை மாற்றியபோது, தேனையும் அவற்றுக்கே விட்டுவைப்பதுதான் தருமம் என்று எண்ணி எல்லா அடைகளையும் கட்டிவைத்தேன். மறுநாள் காலையில் பெட்டியின் அடித்தட்டில் தேனும் செத்த தேனீக்களும் சேறாகக் கிடந்தன.

இனி இராணி. அவள் பெட்டிக்குள் வந்துவிட்டால் மற்றவை தாமாக வரும். வராவிட்டால் நீங்கள் எத்தனை தேனீயை அள்ளிப் போட்டாலும் அவை திரும்பிப் போகும். கண்ணில் பட்டால் சிறு கூண்டில் பிடித்துச் சட்டங்களுக்கு நடுவே வைக்கலாம். கண்ணில் படாவிட்டாலும் அறிகுறி உண்டு: பெட்டியின் வாசலில் சில தேனீக்கள் வயிற்றின் நுனியை உயர்த்திக்கொண்டு நின்று இறக்கையை விசிறினால், அவை தம் கூட்டத்தாரை மணத்தால் அழைக்கின்றன, இராணி பெரும்பாலும் உள்ளேதான் இருக்கிறாள் என்று கொள்ளலாம். பெட்டியின் வாசலை மீட்டர் பெட்டியின் பழைய வாசலுக்கு நேராக வைத்துவிட்டு, நன்றாக இருட்டும் வரை காத்திருந்து, வெளியே தங்கிய தேனீக்களும் உள்ளே சென்ற பிறகு வாசலை வலையால் அடைத்து எடுத்துச் செல்ல வேண்டும்.

எடுத்துச் செல்லும் தூரத்தைப் பற்றியும் ஒரு சொல். பெட்டியை அதே வளவின் பின்பக்கத்தில் வைத்தால், மேயப் போன தேனீக்கள் எல்லாம் பழைய மீட்டர் பெட்டிக்கே திரும்பி வந்து கொத்தாகத் தொங்கும். அவற்றுக்குப் பழகிய மேய்ச்சல் எல்லைக்கு அப்பால், இரண்டு மூன்று கிலோமீட்டராவது தள்ளி வைக்க வேண்டும். சில வாரங்கள் கழித்து உங்கள் தோட்டத்துக்கே பெட்டியைக் கொண்டு வரலாம். அதற்குள் பழைய வழியை அறிந்த தேனீக்களில் பெரும்பாலானவை ஆயுள் முடிந்து போயிருக்கும்.

*கேள்வி: தென்னை மரப் பொந்திலிருந்து ஒரு கூட்டத்தைப் பெட்டிக்கு மாற்றினேன். இராணியும் உள்ளே இருந்தாள். மூன்றாம் நாள் நண்பகலில் கூட்டம் முழுவதும் எழுந்து பறந்துவிட்டது. நான் செய்த தவறு என்ன?*
– வாசகர், பொள்ளாச்சி

உங்கள் கடிதத்தில் இதற்கு விடை இருக்கிறது. "தினமும் இரண்டு முறை திறந்து பார்த்தேன்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

இத்தாலியத் தேனீயோடு ஒப்பிடும்போது இந்தியத் தேனீக்கு வீட்டின் மீதான பற்று குறைவு. எறும்பு, வெயில், பசி, மெழுகு அந்துப்பூச்சி, அடிக்கடி வரும் ஆளின் தொல்லை ஆகியவற்றில் எது மிஞ்சினாலும் அடையையும் புழுவையும் அப்படியே போட்டுவிட்டு வேறிடம் தேடிப் போய்விடும். புதிதாகப் பெட்டிக்கு வந்த கூட்டத்தைக் குறைந்தது ஒரு வாரம் திறக்கவே கூடாது. வாசலில் மகரந்தம் சுமந்து வரும் தேனீக்கள் தென்படுகின்றனவா என்று தள்ளி நின்று பார்த்தால் போதும். கால்களில் மஞ்சள் உருண்டையோடு வருகின்றன என்றால் உள்ளே புழு வளர்கிறது, இராணி முட்டையிடுகிறாள், கூட்டம் தங்க முடிவு செய்துவிட்டது என்று பொருள்.

புழு அடைகளைக் கட்டினீர்களா என்பதை நீங்கள் எழுதவில்லை. வெறும் சட்டங்களில் கொட்டிய கூட்டத்தைப் பிடித்து வைக்க எந்தக் கயிறும் இல்லை. பணித்தேனீக்களை நிறுத்தி வைப்பது பசித்த புழுக்களே. தேனடைகளை நாம் எடுத்துவிடுவதால் உணவு இல்லாமல் போகும் குறையையும் ஈடுசெய்ய வேண்டும்: சர்க்கரையையும் நீரையும் சம அளவு கலந்த பாகை, பொழுது சாய்ந்த பிறகு, பெட்டிக்குள்ளேயே வைக்க வேண்டும். பகலில் வெளியே வைத்தால் அண்டை அயல் தேனீக்கள் கொள்ளையடிக்க வந்துவிடும். பெட்டியின் கால்களை நீர் நிரம்பிய கிண்ணங்களில் நிறுத்துவது எறும்புக்கான பழைய மருந்து. அதைவிடச் சிறந்தது இன்னும் வரவில்லை.

பணித்தேனீ மட்டும் நுழையக்கூடிய துளைகள் கொண்ட தகட்டை வாசலில் பொருத்தினால் இராணி வெளியேற முடியாது, அவளில்லாமல் கூட்டமும் போகாது என்பது உண்மைதான். ஆனால் அதை நான்கைந்து நாட்களுக்கு மேல் வைக்காதீர்கள். மாற்றும்போது பழைய இராணி நசுங்கி இறந்திருந்தால், தேனீக்கள் இளம் புழுவிலிருந்து புதிய இராணியை வளர்க்கும். அவள் வெளியே பறந்து ஆண் தேனீக்களோடு கூடித் திரும்பினால்தான் குடும்பம் தழைக்கும். தகடு அவளையும் தடுத்துவிடும், ஆண் தேனீக்களும் அதில் சிக்கிச் சாகும்.

பருவத்தையும் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மாற்றிய கூட்டங்களில் பாதியை நான் இழந்திருக்கிறேன். பூக்காலம் தொடங்கும்போது மாற்றியவற்றில் இழந்தவை மிகச் சிலவே.

*கேள்வி: எங்கள் நான்கு மாடிக் குடியிருப்பின் நீர்த்தொட்டிக்கு அடியில் முறம் போன்ற பெரிய தேன்கூடு தொங்குகிறது. இரவில் தீப்பந்தம் வைத்துக் கொளுத்த ஆள் வரச் சொல்லியிருக்கிறார்கள். குடியிருப்போர் சங்கத்தில் நான் ஒருத்திதான் எதிர்க்கிறேன். இதையும் பெட்டிக்கு மாற்றலாமா?*
– வாசகி, கோயம்புத்தூர்

மாற்ற முடியாது, உங்கள் எதிர்ப்போ நியாயமானது. இது மலைத்தேனீ. குன்றின் முகத்திலும் உயர்ந்த மரக்கிளையிலும் கட்டுவது அதன் வழக்கம், உங்கள் கட்டடம் அதன் கண்ணுக்குக் குன்று. திறந்த வெளியில், ஒரு மீட்டர் அகலம் வரைகூட வளரும் ஒற்றை அடையைக் கட்டி, அதன்மேல் தன் உடல்களாலேயே திரை போர்த்தி வாழும் இனத்தைப் பெட்டியில் அடைத்தால் ஒரு நாள்கூடத் தங்காது.

ஆனால் இது நிரந்தரக் குடியும் அன்று. பூக்காலத்தைத் தொடர்ந்து இடம்பெயரும் தேனீ ஆதலால், சில மாதங்களில் அடையைக் காலி செய்துவிட்டுத் தானே போய்விடும். அதுவரை பொறுத்திருக்க முடியுமா என்பதைத்தான் உங்கள் சங்கம் பேச வேண்டும். தொட்டிக்குச் செல்லும் மாடிக்கதவைப் பூட்டி வையுங்கள். கூட்டுக்கு அருகில் இரவில் பளிச்சென்ற விளக்கு எரியக் கூடாது, ஏனெனில் இவை விளக்கொளியை நாடி வீடுகளுக்குள் வரும். குப்பையை எரிக்கவோ பட்டாசு வெடிக்கவோ கூடாது. கல்லெறியும் பிள்ளைகளுக்கு ஒரு முறை கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். அடையின் மேல் நீரலை போல ஓர் அசைவு பளபளவென்று ஓடுவதைக் கண்டால், அது அழகுக்காக அன்று. குளவி போன்ற எதிரியை விரட்ட, தேனீக்கள் வரிசையாக வயிற்றை உயர்த்திக் காட்டும் எச்சரிக்கை அது. நீங்கள் மிக அருகில் வந்துவிட்டீர்கள் என்றும் அதற்குப் பொருள் கொள்ளலாம்.

தீப்பந்தம் வைப்பதை நான் எதிர்ப்பது கருணையால் மட்டுமன்று. எரிந்து விழும் தேனீக்கள் ஒரு பங்கு என்றால், இருட்டில் சிதறிப் பறப்பவை அதைவிட அதிகம். அவை எரியும் விளக்குள்ள ஜன்னலைத் தேடிப் போகும், மறுநாள் காலையில் அதே இடத்தில் திரண்டு போவோர் வருவோரையெல்லாம் கொட்டும். நான்கு மாடிகளில் குழந்தைகளும் முதியவர்களும் இருக்கும்போது இதைவிடப் பெரிய முட்டாள்தனம் இருக்க முடியாது.

பள்ளி, மருத்துவமனை போன்ற இடங்களில் காத்திருக்க இயலாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அப்போது 101 என்ற எண்ணில் தீயணைப்பு நிலையத்தை அழைக்கலாம்; அல்லது மலைத்தேன் எடுத்துப் பழகியவர்களைக் கொண்டு, நிலவில்லாத இரவில், புகையால் தேனீக்களை விலகச் செய்து அடையை அறுத்து எடுக்கலாம். நிலவில்லாத இரவு என்பது மூடநம்பிக்கை அன்று: மலைத்தேனீ நிலவொளியில் பறக்க வல்லது. அடை போனபின் கூட்டம் சில நாட்கள் அங்கேயே கொத்தாகத் தொங்கிவிட்டு வேறிடம் தேடிக்கொள்ளும். இடத்தை விட்டு அகன்ற பிறகு சுவரில் ஒட்டிய மெழுகைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். ஒரு முறை தங்கிய இடத்துக்கே ஆண்டுதோறும் திரும்பி வருவது இத்தேனீயின் இயல்பு.

யாரையேனும் கொட்டிவிட்டால், ஓடி மூடிய அறைக்குள்ளோ வாகனத்துக்குள்ளோ புகுவதே சரி. நீரில் குதிக்கக் கூடாது. தலை மேலே வரும்வரை அவை காத்திருக்கும். கொடுக்கு தோலில் தங்கி நஞ்சைச் செலுத்திக்கொண்டே இருக்குமாதலால், நகத்தாலோ வேறு எதனாலோ உடனே அகற்ற வேண்டும். எப்படி எடுக்கிறோம் என்பதைவிட எவ்வளவு விரைவாக எடுக்கிறோம் என்பதே பொருட்டு. கொட்டிய இடத்திலிருந்து எழும் மணம் பழுத்த வாழைப்பழத்தின் மணத்தை ஒத்திருக்கும், அதுவே மற்றவற்றைத் தாக்குதலுக்கு அழைக்கும். (வாழை நாரால் கட்டலாமா என்று யாரும் அஞ்ச வேண்டாம், நாருக்கு அந்த மணம் இல்லை.) மூச்சுத் திணறல், உதடோ நாக்கோ வீங்குதல், மயக்கம் ஆகியவற்றில் எது தோன்றினாலும் சற்றும் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

*கேள்வி: சுவரில் இருந்த தேன்கூட்டுக்குப் பூச்சிமருந்து அடித்து, ஓட்டையைச் சிமெண்டால் அடைத்துவிட்டோம். இப்போது சுவரிலிருந்து பழுப்பு நிறத்தில் ஏதோ கசிகிறது. எறும்பும் நாற்றமும் தாங்கவில்லை. கசிவது தேன்தானா? சாப்பிடலாமா?*
– வாசகர், விழுப்புரம்

தேன்தான். மருந்து கலந்த தேன். வாயில் வைக்காதீர்கள், நாய்க்கும் போடாதீர்கள்.

உயிருள்ள கூட்டில் தேனீக்கள் கோடையில் இறக்கையால் விசிறியும் நீர் தெளித்தும் வெப்பத்தைக் குறைத்து, புழு வளரும் இடத்தை 33 முதல் 35 பாகை செல்சியஸ் வரை காத்து வந்தன. அவை இறந்தபின் விசிறுவதற்கு ஆளில்லை. வெயில் ஏறிய சுவரில் அடை தளர்ந்து அறுந்து விழுகிறது, தேன் வழிகிறது, செத்த புழுக்கள் அழுகுகின்றன. சிமெண்டைப் பெயர்த்து, உள்ளே இருக்கும் அடைகளை முழுவதும் அகற்றி, சோப்பு நீரால் கழுவி, காய்ந்த பிறகு குழியைச் செங்கல் சல்லி கொண்டு நிரப்பிப் பூசுவதைத் தவிர வேறு வழியில்லை. எடுத்த அடைகளை ஆழக் குழிதோண்டிப் புதையுங்கள். திறந்து போட்டால் பக்கத்துத் தோட்டத்துத் தேனீக்கள் அந்த நஞ்சை உறிஞ்சிச் செல்லும்.

உயிரோடு மாற்றுபவர்களுக்கும் இந்தக் கடைசி வேலை உண்டு. பழைய மெழுகின் மணம் அடுத்த கூட்டத்துக்கு விடுக்கும் அழைப்பு. காட்டோரத்தில் தேனீ பிடிப்போர் பானையின் உட்புறம் மெழுகு தேய்த்துக் கவிழ்த்து வைப்பது அதனால்தான். குழியை நிரப்பாமல் விட்டால் உங்கள் சுவரும் அத்தகைய பானையே.

*கேள்வி: கடைத்தெருவில் நிறுத்தியிருந்த என் ஸ்கூட்டரின் கைப்பிடியில் திடீரென ஆயிரக்கணக்கான தேனீக்கள் வந்து கொத்தாகத் தொங்கின. மறுநாள் காலையில் ஒன்றுகூட இல்லை. அவை ஏன் வந்தன, எங்கே போயின?*
– வாசகர், தேனி

தேனி மாவட்டத்திலிருந்து இந்தக் கேள்வி வந்ததை எண்ணிச் சிரித்துக்கொண்டேன்.

பெருகிய குடும்பம் இரண்டாகப் பிரியும்போது, பழைய இராணி ஒரு பகுதித் தேனீக்களோடு வெளியேறி, புது வீடு கிடைக்கும் வரை எங்காவது தொங்கும். உங்கள் ஸ்கூட்டர் அதற்கு வழியிடைச் சத்திரம். காக்கப் புழுவும் தேனும் இல்லாததாலும் புறப்படும்போது வயிறு நிறையத் தேன் குடித்திருப்பதாலும், இந்நிலையில் அவை எளிதில் கொட்டுவதில்லை. அந்த நேரத்தில் ஒற்றர் தேனீக்கள் நாற்புறமும் பறந்து பொந்து தேடும். கண்டுபிடித்தது திரும்பி வந்து கொத்தின் மேல் நடனமாடி, திசையையும் தொலைவையும் தெரிவிக்கும். ஜெர்மானிய அறிஞர் மார்ட்டின் லிண்டாவர் 1949-இல் தொடங்கிய ஆய்வுகளில் இதைக் கண்டறிந்தார்: நடனமாடும் தேனீக்களின் உடம்பில் கரியும் செங்கல் தூசியும் படிந்திருந்ததைக் கண்டு, அவை உணவிடத்திலிருந்து அன்றி வீடு பார்த்துவிட்டு வருகின்றன என்று உணர்ந்தார். பின்னாளில் அமெரிக்கரான தாமஸ் சீலி, ஐரோப்பியத் தேனீக்கள் ஏறத்தாழ 40 லிட்டர் கொள்ளளவும் சிறிய வாசலும் உள்ள, தரையிலிருந்து உயர்ந்த பொந்தையே விரும்புவதை அளந்து காட்டினார். நம் தேனீ உருவிலும் குடும்பத்திலும் சிறியது. அதைவிடக் குறுகிய இடமே அதற்குப் போதும்.

வெவ்வேறு இடங்களைக் கண்ட ஒற்றர்களுக்குள் ஒருமித்த முடிவு ஏற்பட்டதும் கொத்து எழுந்து போய்விடும். சில மணி நேரத்திலும் நடக்கலாம், ஓரிரு நாளும் ஆகலாம். அடுத்த முறை இப்படி நேர்ந்தால் ஸ்கூட்டரை அங்கேயே விட்டுவிட்டுப் பேருந்தில் வீடு போய்ச் சேருங்கள். தேனீ வளர்க்கும் ஆள் அருகில் இருந்தால் உடனே சொல்லுங்கள். அடை அறுக்கும் வேலையே இல்லாமல், ஒரு கூடையைக் கீழே பிடித்துக் கைப்பிடியை ஒரு குலுக்குக் குலுக்கி முழுக் குடும்பத்தையும் அவர் எடுத்துச் சென்றுவிடுவார்.

*கேள்வி: எங்கள் பழைய மண்சுவரில் பென்சில் பருமனுக்கு ஒரு மெழுகுக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கிறது. கொசு அளவிலான கருப்புப் பூச்சிகள் அதில் போய் வருகின்றன. அடுத்த மாதம் சுவருக்குப் பூச்சு வேலை செய்ய இருக்கிறோம். இவற்றை எப்படி அகற்றுவது?*
– வாசகர், செங்கோட்டை

இவை கொடுக்கில்லாத் தேனீக்கள். கொசுத்தேனீ என்றும் சிறுதேனீ என்றும் ஊருக்கு ஊர் பெயர் மாறும். இவற்றால் கொட்ட முடியாது, மிகவும் தொந்தரவு செய்தால் தலைமுடிக்குள் புகுந்து கடிக்கும், அவ்வளவே. அகற்ற வேண்டாம், கொத்தனாரிடம் அந்தக் குழாயைச் சுற்றி ஒரு விரற்கடை இடம் விட்டுப் பூசச் சொல்லுங்கள், வெள்ளை அடிக்கும்போதும் தூரிகை அதன் வாயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.